திண்டுக்கல்லுக்கு நடு எது?

திண்டுக்கல்லுக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் நிறைய உண்டு. திண்டுக்கல்லைப் பார்ப்பதற்கென்று டிக்கெட் எடுத்தவரை எந்த கண்டக்டரும் கண்டதில்லை. பழனிக்குப் போகிறவர் அங்கே பஸ் மாறுவார். கொடைக்கானலுக்குப் போகிறவர் இறங்கி ஒரு பிரியாணியைத் தின்றுவிட்டு, கை கழுவின ஈரம் காய்வதற்குள் ஏறிவிடுவார். அங்கே ஊர் என்று ஒன்று இருக்கிறதா, மனுஷர் குடியிருக்கிறார்களா என்று தலையைத் திருப்பிப் பார்ப்பாரில்லை. அப்பேர்ப்பட்ட ஊருக்கே போய்த் தங்கிவருவதற்கென்று ஒரு சனிக்கிழமை ஐந்து பேர் கிளம்பினார்கள். ஐந்து பேரும் சுரைக்காப்பட்டிக்காரர்கள்.

சுரைக்காப்பட்டி நத்தத்துக்கும் அந்தப் பக்கம், பஸ் போய்த் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஒரு மைல். அந்த ஊரில் காத்தமுத்து என்று ஒருவன். வயது முப்பத்தாறு. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பொய் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது. பதினோரு பெண்வீட்டார் வந்து போனார்கள். மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டியவர்கள், ஊரைப் பார்த்ததும் தலைதெறிக்க ஓடினார்கள். கடைசியாக வந்தவர்கள் நல்ல மழையில் வந்தார்கள். ஊர்க்கிணறு நனைந்துவிடக் கூடாதென்று முப்பது பேர் கிணற்றைச் சுற்றி நின்று குடை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் வேனைவிட்டு இறங்கக்கூட இல்லை.

பன்னிரண்டாவதாகத் திண்டுக்கல்லில் ஒரு பெண் அமைந்தது. தவமணி என்று பேர், நூற்பாலையில் வேலை. அப்பா கருத்தபாண்டி சைக்கிள் கடை வைத்திருப்பவர். கல்யாணத் தரகர் நல்லதம்பி வந்து, காத்தமுத்துவையும் அவனுடைய தாய்மாமன் சடையாண்டியையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“இந்தத் தடவை அவங்க இங்க வரவே வேண்டாம். நீங்க அங்க போயிருங்க. ஊருக்கு நடுவுல ஒரு ஓட்டலாப் பார்த்துத் தங்குங்க. நடுவுலதான் தங்கணும், தெரிஞ்சுதா? ஓரத்துல தங்குனா மதிக்கமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல அவங்களே வந்து பையனைப் பார்ப்பாங்க. பிடிச்சுப்போனா தாய்மாமன் கையில தட்டைக் கொடுத்து அங்கயே நிச்சயம் பண்ணிருவாங்க. பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள தட்டு கை மாறலைன்னா கருத்தபாண்டி எந்திரிச்சுப் போயிருவாரு.”

“வேற?” என்றார் சடையாண்டி. ஊரிலேயே யோசனைக்காரர் அவர்தான். யோசிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார், யோசனை பாதி வெளியே போய்விடக் கூடாது என்று.

“அவருக்கு ஊர்ப்பாசம் ஜாஸ்தி. ‘எங்க ஊர் எப்படி?’ன்னு கேப்பாரு. பஸ் மாத்துற ஊருன்னு எவனாவது சொன்னா தீர்ந்துச்சு. அதுக்காகப் புளுகவும் கூடாது, எட்டு மாப்பிள்ளை புளுகி மாட்டிக்கிட்டான். பார்த்ததைச் சொல்லு, பார்க்காததைச் சொல்லாத. அப்புறம், அவங்க முன்னாடி போனைக் கையில எடுக்காதீங்க, மரியாதையா இருக்காது.”

கையில் எடுக்காமலிருக்க ஒரே வழி, எடுக்கிற தூரத்தில் அது இல்லாமலிருப்பதுதான். ஐந்து பேருடைய போனையும் அரிசிப்பானைக்குள் போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். காத்தமுத்து, சடையாண்டி, கூடவே இருளப்பன், பொன்னழகு, வெள்ளைக்கண்ணு.

மணிக்கூண்டுக்கு எதிரே ராஜகிரீடம் லாட்ஜ் என்று மூன்று மாடிக் கட்டிடம். மேனேஜர் ஆரோக்கியம் தங்கமான மனுஷர். “வாங்கண்ணே, வாங்க! உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க” என்றார்.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

வீடு என்றானபின் வாசலில் நாலு பேர் இருக்க வேண்டாமா? சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு அத்தனை பேரும் வாசல் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டியோடு ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் உள்ளே நுழைந்தார். “யாரு வேணும்?” என்றார் இருளப்பன். ரூம் வேண்டும் என்றார் அவர். “வீட்டுக்கே சொந்தக்காரங்க அஞ்சு பேர் வந்திருக்கோம், எடம் எங்கப்பா இருக்கு? தண்ணி வேணும்னா குடிச்சிட்டுப் போ” என்று செம்பை நீட்டினார். இப்படியே சாயங்காலத்துக்குள் மூன்று பேர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆரோக்கியம் இன்றைக்கு ஏன் ஊருக்குள் ஆள் நடமாட்டமே இல்லை என்று கணக்கு மேஜையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை குளியலறையில் ஓர் அட்டை: ‘வெந்நீர் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை’. ரெண்டு மணி நேரக் குளியலா என்று காத்தமுத்து தயங்கினான். “ஓட்டல்காரன் மனசு நோகக் கூடாது” என்றார் மாமா. ஆறுக்கு ஆரம்பித்து, ஒருத்தர் மாற்றி ஒருத்தராக எட்டு அடிக்கும்வரை குளித்தார்கள். வெளியே வரும்போது ஐந்து பேர் விரலும் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி இருந்தது.

பெண்வீட்டார் வர இன்னும் இரண்டு மணி நேரம். காத்தமுத்து வெள்ளைச் சட்டையை மாட்டி, தலையைப் படிய வாரினான். பன்னிரண்டாவதும் போய்விட்டால் பதிமூன்றாவது என்று ஒன்று இல்லை, தரகரே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் சடையாண்டி ஒரு கண்ணை மூடினார்.

“ஆரோக்கியம், இந்த ஓட்டல் ஊருக்கு நடுவா?”

“நட்டநடு அண்ணே. மணிக்கூண்டுக்கு எதிர்த்தாப்புல. இதைவிட நடு கிடையாது.”

“யாரு அளந்தா?”

எட்டு வருஷமாக அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிற ஆரோக்கியத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை. “அளக்கலைண்ணே. எல்லாரும் சொல்றதுதான்.”

“எல்லாரும் சொல்றாங்கன்னு எங்க பையன் வாழ்க்கையைப் பணயம் வைக்க முடியுமாய்யா?”

“மாமா, ஓரமா இருந்தா என்ன ஆகும்?” என்றான் காத்தமுத்து.

“மதிக்கமாட்டாங்க. தரகர் வாயால சொன்னாரா இல்லையா?”

“சொன்னாரு.”

“அப்ப அளந்துருவோம்.”

நடுவைக் கண்டுபிடிக்கச் சுரைக்காப்பட்டியில் ஒரு முறை உண்டு. மாரியம்மனுக்குக் கம்பம் நடுகிறபோது ஊர் நடுவில் நட வேண்டும். அதற்காக நாலு பேர் ஊரின் நாலு எல்லைக்கும் போய் நின்று, நடுவில் இருக்கிறவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாலு குரலும் எந்த இடத்தில் ஒரே அளவாகக் கேட்கிறதோ அதுதான் நடு. அவன் பதில் குரல் கொடுப்பான், இவர்கள் திரும்பி வருவார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஒரு தரம்கூடத் தவறியதில்லை. ஊரில் மொத்தம் நாற்பது வீடு.

சடையாண்டி ஆளுக்கொரு திசை பிரித்துக் கொடுத்தார். பொன்னழகு பழனி ரோடு, வெள்ளைக்கண்ணு திருச்சி ரோடு, இருளப்பன் மதுரை ரோடு, அவர் நத்தம் ரோடு.

“ஊர் முடியுற எடத்துல நின்னு கூப்பிடணும். இவன் பதில் நம்ம காதுல விழுற வரைக்கும் எவனும் திரும்பக் கூடாது. டேய் மாப்ள, நீ மொட்டை மாடியில நில்லு. எங்க குரல் கேக்காம எடத்தைவிட்டு அசைஞ்ச, நான் உனக்கு மாமனில்ல.”

நாலு பேரும் நாலு ஆட்டோவில் போனார்கள்.

மொட்டை மாடியில் லாட்ஜ் போர்வைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே காத்தமுத்து காதின்மேல் கையைக் குவித்துக்கொண்டு நின்றான். பஸ் ஹாரன் கேட்டது. கோயில் ரேடியோ கேட்டது. பாத்திரக்கடைக்காரர் யாரையோ திட்டியது கேட்டது. அவன் பேர் மட்டும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் உன்னிப்பாகக் கேட்டான். பழனி ரோட்டுப் பக்கமிருந்து ஒன்றுமில்லை. திருச்சிப் பக்கம் ஒன்றுமில்லை. மதுரை, நத்தம், அங்கேயும் அப்படியே. திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. நாலு பக்கமும் ஒரே அளவு! இம்மி கூட ஏறவில்லை, குறையவில்லை. ஓட்டல் நட்டநடுவில்தான் இருக்கிறது.

ஆனால் மாமா குரல் கேட்காமல் அசையக் கூடாதே. நின்றான்.

பத்தரை மணிக்கு ஆரோக்கியம் மூச்சுவாங்க ஏறி வந்தார். “தம்பி, பொண்ணுவீட்டுக்காரங்க வந்தாச்சு, கீழ வாங்க.”

“வர முடியாதுண்ணே. மாமா குரல் இன்னும் கேக்கல.”

“அவர் எங்க இருக்காரு?”

“நத்தம் ரோட்டுக் கடைசியில.”

“அது இங்கேருந்து ரெண்டு மைல்ப்பா!”

“அப்ப சத்தமாத்தான் கூப்பிட்டுக்கிட்டிருப்பாரு.”

வேறு வழியில்லாமல் பெண்வீட்டார் மாடி ஏறினார்கள். முன்னால் கருத்தபாண்டி, பின்னால் தவமணி, அவள் பின்னால் அத்தைக்காரி, கையில் வெற்றிலை பாக்கு பழம் தேங்காயோடு பெரிய பித்தளைத் தட்டு. ஈரப் போர்வைகளை விலக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். காத்தமுத்து காதிலிருந்த கையை எடுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுபடி காதில் வைத்துக்கொண்டான்.

“வர்ற வழியில மதுரை ரோட்டுல ஒருத்தர், தொண்டை நரம்பு புடைக்கக் காத்தமுத்து காத்தமுத்துன்னு கத்துறாரே, யாரு?” என்றார் கருத்தபாண்டி.

“நம்ம இருளப்பன்.”

“பழனி ரோட்டுலயும் ஒருத்தர் கத்துறாராம். என் மச்சான் போன் பண்ணுனான். அங்க பஸ்ஸுக்கு நிக்கிற சனம், காத்தமுத்துக்கு எந்த பஸ்ஸு போகுதுன்னு கண்டக்டரைக் கேக்குதாம்.”

“அது பொன்னழகு.”

கருத்தபாண்டிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாலு ரோட்டிலும் ஆள் நிறுத்தித் தன் பேரைக் கூவச் சொல்கிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும்! ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். “எங்க ஊர் எப்படி?”

காத்தமுத்து தரகர் சொன்னதை நினைத்துக்கொண்டான். பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவன் பார்த்தது மொட்டை மாடியிலிருந்து தெரிந்ததை மட்டும்தான்.

“தண்ணித் தொட்டி நல்லா இருக்குங்கய்யா.”

“என்னது?”

“இங்கேருந்து பார்த்தா நூத்தி எண்பது கருப்புத் தொட்டி தெரியுது. ஒண்ணுகூட மூடி இல்லாம இல்ல. அந்தா, பச்சை வீட்டு மாடியில ஒரு அம்மா வத்தல் காயப்போட்டுட்டு, பக்கத்து வீட்டு வத்தலையும் சேர்த்து அவங்களே காக்கா விரட்டுறாங்க. அந்தத் தகரக் கூரைமேல ஒரு செருப்பு கிடக்கு. ஒத்தச் செருப்பு. ரெண்டு பேர் ஏறிப் பார்த்துட்டு அவங்களோடது இல்லைன்னு அங்கயே வச்சிட்டு இறங்கிட்டாங்க. நல்ல ஊருங்கய்யா.”

“மலைக்கோட்டை?”

“அதுவும் தெரியுது. ஆனா அங்க காலைலேருந்து ஒண்ணும் நடக்கல.”

கருத்தபாண்டி தோள்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வந்த எட்டுப் பேரும் பூட்டுன்னான், பிரியாணின்னான். ஊரைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான்யா. அது சரி, காதுல ஏன் கை?”

“ஊர் நடுவை அளக்குறேன். அளந்தாச்சு. இந்த ஓட்டல்தான்.”

“நான் முப்பது வருஷமா அதைத்தானே சொல்றேன்! பஸ் ஸ்டாண்டுதான் நடுன்னு என் மச்சான் சாதிக்கிறான். எப்படி அளந்தீங்க?”

காத்தமுத்து விளக்கினான். கருத்தபாண்டி ஒவ்வொரு சொல்லுக்கும் “அப்படிப் போடு!” என்றார். அதுவரை வாய் திறக்காத தவமணி கேட்டாள்.

“ஏங்க, நாலு பக்கமும் எவ்வளவு கேட்டுச்சு?”

“ஒண்ணுமே கேக்கல.”

“ஒண்ணுமே?”

“நாலுலயும் ஒரே மாதிரி ஒண்ணுமே.”

தவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போர்வைக்குப் பின்னால் போய்விட்டாள். போர்வை குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து வந்து அத்தை காதில் சொன்னாள்: “எனக்குச் சம்மதம். பொய் சொல்றதுக்கு வேண்டிய மூளை இவருக்குக் கிடையாது. வேற என்னத்த வேணும்?”

எல்லாம் கூடிவந்தது. தட்டை வாங்கத் தாய்மாமன்தான் இல்லை. மணி பதினொன்றேகால். போர்வை காய்ந்தால் எடுக்க வேண்டுமே என்ற கவலையில் நின்ற ஆரோக்கியம், “நான் போய்க் கூட்டியாரேன்” என்று தவமணியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் பறந்தார்.

பதினொன்று நாற்பதுக்குத் தவமணியின் போன் அடித்தது. ஆரோக்கியம் அழாத குறையாகப் பேசினார். “அம்மா, இவர் வரமாட்டேங்கிறாரு. மாப்பிள்ளை பதில் காதுல விழாம நகரமாட்டாராம். நான் சொன்னா நம்பமாட்டேங்கிறாரு.”

“ஏங்க, நீங்க போய்க் கூட்டிட்டு வாங்களேன்” என்றாள் தவமணி காத்தமுத்துவிடம்.

“அவர் குரல் கேக்காம நான் நகர முடியாதே.”

“உங்க குரல் கேக்காம அவர் நகரமாட்டாரு.”

“ஆமா. மாமா வார்த்தை மாறமாட்டாரு” என்றான் காத்தமுத்து பெருமையாக. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. பன்னிரண்டாவது பெண் எதிரே நிற்கிறாள், சம்மதம் என்கிறாள், மணி நழுவிக்கொண்டிருக்கிறது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தவமணி போனை உதட்டருகே கொண்டுபோனாள். “மேனேஜர் சார், உங்க போனை அவர் காதுல வைங்க.” அப்புறம் தன் போனைக் காத்தமுத்து வாயருகே நீட்டினாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான், போனைத் தொடக் கூடாதல்லவா. அவளே பிடித்துக்கொண்டாள்.

“மாமோய்!”

“மாப்ளோய்!” என்று போனுக்குள் ஒரு முழக்கம். கொடியிலிருந்த காக்கை பறந்துவிட்டது. “கேட்டுச்சுடா! காதுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி கேக்குது!”

“அப்ப வாங்க மாமா, சீக்கிரம்!”

மறுமுனையில் ஒரு கண் மூடுவது இங்கேயே தெரிந்தது. “இருடா. இம்புட்டுப் பக்கத்துல கேக்குதுன்னா ஓட்டல் நத்தம் ரோட்டை ஒட்டியில்ல இருக்கு? அப்ப அது நடுவே இல்ல. ஓரம்! ஓரத்துல வச்சுத் தட்டு வாங்குனா மதிப்பாங்களா?”

கருத்தபாண்டி முகம் வெளுத்தது. “நடு இல்லையா?”

“ஐயா, நான் தவமணி பேசுறேன். மத்த மூணு பேர் காதுலயும் இதே மாதிரி போனை வச்சா அவங்களுக்கும் இதே அளவுதான் கேக்கும்.”

“சத்தியமாவா?” என்றார் சடையாண்டி.

“சத்தியமா.”

“படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப நடுதான்.” கருத்தபாண்டிக்குப் போன உயிர் வந்தது. மணி பதினொன்று ஐம்பது.

“ஆட்டோவுல ஏறுங்கய்யா, நேரமில்ல” என்றாள் தவமணி.

“எதுக்கு ஏறணும்? காதுக்குள்ள கேக்குற தூரத்துலதானே இருக்கேன். தட்டை நீட்டச் சொல்லு, வாங்கிக்கிறேன்.”

தவமணி அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஏற்கெனவே தட்டை அத்தை கையிலிருந்து வாங்கி, எந்தப் பக்கம் நத்தம் ரோடு என்று பார்த்துக் கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தார்.

நத்தம் ரோட்டுக் கடைசியில், பஸ் நிறுத்தத்துக்கு முன்னால், சடையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேற்கே பார்த்து இரண்டு கையையும் நீட்டினார். ஆரோக்கியம் அவர் காதோடு போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

“சம்பந்தி, பிடிச்சிக்கிட்டீங்களா?” என்றார் கருத்தபாண்டி.

“பிடிச்சிக்கிட்டேன் சம்பந்தி, விடுங்க.”

கருத்தபாண்டி விட்டார்.

பித்தளைத் தட்டு மொட்டை மாடியில் விழுந்த சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. வெற்றிலை பறந்தது. வாழைப்பழம் சிதறியது. தேங்காய் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உருண்டு போய்விட்டது.

“மாமா!” என்று அலறினான் காத்தமுத்து. “தட்டைக் கீழ போட்டுட்டீங்களே!”

“ஐயையோ! வயசாயிருச்சுடா, கை நடுங்குது. சம்பந்தி, தப்பா நினைச்சுக்காதீங்க.”

“பரவாயில்ல சம்பந்தி, அவசரத்துல நானும் பார்க்காம விட்டுட்டேன். உங்க கைக்கு வந்து சேர்ந்த பிறகுதானே விழுந்துச்சு? அப்ப நிச்சயம் நிச்சயம்தான். மணியும் பன்னெண்டு ஆகல” என்றார் கருத்தபாண்டி. அத்தை குலவை போட்டாள். காத்தமுத்து முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பல் முழுவதும் தெரியச் சிரித்தான். தவமணி அப்பாவையும் பார்த்தாள், மாப்பிள்ளையையும் பார்த்தாள். வீட்டில் ஒருத்தரை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சமாளித்தவள்தானே, இன்னும் ஒருத்தர், அவ்வளவுதான் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

நத்தம் ரோட்டில் சடையாண்டி முழங்காலிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். நிச்சயத் தேங்காய் காணாமல்போவது குடும்பத்துக்கு ஆகாது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களும் பாவம் என்று சேர்ந்து தேடினார்கள். ஒருத்தர் அங்கே நின்றிருந்த லாரிக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தார். டிரைவர் வண்டியை எடுக்காமல் இறங்கிவந்து டார்ச் அடித்தார். கடைசியில் ஆரோக்கியம் பொறுக்கமாட்டாமல் பக்கத்துக் கடையில் ஒரு தேங்காயை வாங்கிவந்து, “இந்தாங்கண்ணே, கிடைச்சிருச்சு, எந்திரிங்க” என்றார்.

சடையாண்டி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே ஆட்டினார். ஒரு கண்ணை மூடினார்.

“இது வேற யாரோ போட்டதுப்பா. வச்சிரு, தேடிக்கிட்டு வருவாங்க” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் லாரிக்கு அடியில் குனிந்தார்.